ஏரியைப் பார்த்த அறை

குமுதாவின் பையை யாரோ தூக்கிக்கொண்டு வந்து ஹாலில், செருப்பு அடுக்கின் பக்கத்தில் போட்டிருந்தார்கள். அவள் தோழி சல்மாவின் பை அதன் மேல் கவிழ்ந்து கிடந்தது. மதியம் வந்து இறங்கியவுடன் ஏரியைப் பார்த்த அறைக்குள் போய், அந்த இரண்டு பைகளையும் கட்டிலின் மேல் வைத்துவிட்டுத்தான் குமுதா பாசாருக்குப் போயிருந்தாள். எதற்குப் போனாள்? இந்தக் கூட்டத்துக்குத்தான், மீனும் காய்கறியும் வாங்க! துணைக்கு சல்மாவையும் இழுத்துக்கொண்டு போய், வெயிலில் வெந்து, கை நோக மீன் பையைத் தூக்கிக்கொண்டு வந்தால் இந்த மரியாதை.

அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே யாரோ சிரித்தார்கள்.

"ஒண்ணுமில்ல குமுதா," என்று அண்ணி வள்ளியம்மா சோபாவில் இருந்தபடியே சொன்னாள். "வாசுவும் தர்ஷினியும் வந்துட்டாங்க. அவங்க அந்த ரூம்ல இருக்கட்டும்னு ஒங்கண்ணன் சொல்லிட்டாரு. புதுசா கல்யாணம் ஆன பிள்ளைங்க லா. நீங்க ரெண்டு பேரும் ஹால்ல பிள்ளைங்களோட படுத்துக்குங்க. காத்து ஜிலுஜிலுன்னு வருது."

வாசு, அண்ணன் குணாளனின் மகன். இந்தப் பயணத்துக்கு வரவில்லை, லீவு இல்லை என்று சொன்னவன். கடைசி நேரத்தில் மனம் மாறி, புதுப் பெண்டாட்டியைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டான். வரட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் அந்த வீட்டில் அறைகள் மூன்றுதான். ஒன்றில் அண்ணனும் அண்ணியும். இன்னொன்றில் தங்கை யோகேஸ்வரியும் அவள் வீட்டுக்காரரும். மூன்றாவது குமுதாவுக்கும் சல்மாவுக்கும் என்று பினாங்கிலேயே பேசி முடித்தது.

இத்தனைக்கும் அந்த ஏரிக்கரை மரவீடே, இங்குள்ளவர்கள் சாலே என்பார்கள், குமுதாவுக்குக் கிடைத்தது. பாயான் பாருவில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இருபத்தைந்து வருடம் வேலை செய்தாள். தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பை மாட்டிக்கொண்டு மைக்ராஸ்கோப்பில் குனிந்து குனிந்து கழுத்தும் முதுகும் போனதற்கு, முதலாளிமார் கைதட்டி ஒரு சான்றிதழும், பள்ளி விடுமுறையில் புக்கிட் மேரா ஏரிக்கரையில் நாலு நாள் தங்கலும் கொடுத்தார்கள். ஒரே லைனில் பக்கத்து நாற்காலியில் இருந்த சல்மா அன்றைக்கே சொன்னாள்: "நீயும் நானும் மட்டும் போவோம்டி. ஊரைக் கூட்டாதே." கேட்டாளா? "வீட்டாளுங்கள விட்டுட்டு எப்படிப் போறது?" என்று இவளே ஒவ்வொருவரையும் வருந்தி வருந்தி அழைத்தாள். புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று இப்போது அவளுக்குத் தோன்றியது.

அறை கேட்டது சொகுசுக்காக இல்லை. பினாங்கில், ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீட்டில் அவள் அண்ணன் குடும்பத்தோடுதான் இருக்கிறாள். அங்கே சின்ன அறை ஒன்றில் அம்மாவோடு படுத்திருந்தாள். அம்மா போன பிறகும் அந்த அறை முழுதாக அவளுக்கு வரவில்லை. அரிசி மூட்டை, இஸ்திரிப் பலகை, யோகேஸ்வரி பிள்ளைகளின் பழைய தொட்டில், எல்லாம் அதற்குள்ளேதான். கதவு என்று பெயருக்கு ஒன்று இருந்தது, மூட்டை இடித்ததால் அதைச் சாத்தவே முடியாது. வாசுவுக்குக் கல்யாணம் என்றதும் அரிசி மூட்டை ஒரே நாளில் வெளியே போயிற்று. கூடவே குமுதாவும் வெளியே போனாள். முதலிரவுக்கு அந்தக் கட்டிலில் பூச்சரம் தொங்கவிட்டதும் அவள்தான். அன்றிலிருந்து ஹாலில் மெத்தை விரித்துப் படுக்கிறாள். அவள் உடுப்புகள் டிவிக்குப் பின்னால் பிளாஸ்டிக் பெட்டியில் இருக்கின்றன. "கொஞ்ச நாளைக்குத்தான்," என்றார் அண்ணன்.

அதனால்தான் அந்த நாலு நாளை அவள் அப்படி எண்ணி ஏங்கினாள். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட வேண்டும். கால் நீட்டிப் படுத்து, ஜன்னல் வழியாகத் தண்ணீரைப் பார்க்க வேண்டும். வேறு ஒரு மண்ணும் வேண்டாம்.

குணாளன் வராந்தாவில் நாற்காலியைச் சாய்த்துப் போட்டு ஃபோனில் பந்து விளையாட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். குமுதா போய் நின்றாள்.

"அண்ணே, அந்த ரூம் எனக்கும் சல்மாவுக்கும்னு முன்னாடியே சொன்னதுதானே?"

"ஆமா. இப்ப பிள்ளைங்க வந்திருச்சு. அட்ஜஸ்ட் பண்ணிக்க லா."

"சல்மா எப்படி ஹால்ல படுப்பா? ஆம்பளைங்க பாத்ரூமுக்கு ஹால் வழியாத்தான் போகணும். அவ தலையில கட்டியிருக்கிற தூடோங்கைக் கழட்ட வேணாமா? தொழ வேணாமா?"

"அதான் திரைச்சீலை இருக்கே, கட்டிக்குங்க." அவர் ஃபோனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஒண்டிக்கட்டை நீ. ஒனக்கு எதுக்கு ரூமு?"

அவளுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஒண்டிக்கட்டை! ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று யாராவது கேட்டால் இதே அண்ணன், "அவளுக்கு அதுல இஷ்டமில்ல," என்பார். பச்சைப் பொய். கேட்டு வந்தவர்கள் இருந்தார்கள். அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது ஒருவர் வந்தார். "இப்ப நீ போயிட்டா அப்பாவ யாரு பார்ப்பா?" என்றார்கள். பிறகு அம்மா படுக்கையில் விழுந்தாள். அப்போதும் ஒருவர் வந்தார், அப்போதும் அதே கேள்வி. அதற்குப் பிறகு கேட்டு வர யாரும் இல்லை. கிடந்தவர்களை அள்ளிக் குளிப்பாட்டியவள் ஒண்டிக்கட்டை. எட்டி நின்று பார்த்தவர்கள் எல்லாம் குடும்பஸ்தர்கள். வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு குமுதா அடுப்படிக்குப் போனாள். பழக்க தோஷம், வேறென்ன?

மீனைக் கொட்டிச் செதில் சீவ ஆரம்பித்தாள். ஜன்னலுக்கு வெளியே எல்லாரும் தண்ணீரில் இறங்கிக் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். யோகேஸ்வரி பிள்ளைகளோடு டயரில் மிதந்தாள். வாசு தர்ஷினியைப் படகில் வைத்துத் துடுப்புப் போட்டான். அண்ணி கூட கரையில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டிருந்தாள். வந்து ஒரு வெங்காயம் உரித்துக் கொடுக்க ஒரு நாதி இல்லை. கத்தி மீனின் மேல் இறங்கிய வேகத்தில் செதில் சுவரெல்லாம் தெறித்தது.

சல்மா உள்ளே வந்தாள். அண்ணியிடம் "தாப்பா லா, பரவாயில்ல," என்று சிரித்துச் சொன்னவள்தான். இப்போது முகத்தில் சிரிப்பில்லை. காலையிலிருந்து கழற்றாத தூடோங் வியர்வையில் நெற்றியோடு ஒட்டியிருந்தது.

"குமு, நான் இன்னைக்கே கிளம்புறேன். மவனோட கூட்டாளி தைப்பிங்ல இருக்கான். வந்து ஏத்திக்கிறேன்னு சொல்லிட்டான்."

"என்னடி பேசுற?"

"வேற என்ன செய்ய? இந்த ஹால்ல ஒக்கார எடமில்ல, கை கால் கழுவி ஒளு எடுத்துட்டு வந்து தொழ எடமில்ல. ஒன் தங்கச்சி மாப்பிள்ளை அரைக்கால் சிலுவாரோட அங்கிட்டும் இங்கிட்டும் நடக்கிறாரு. ஒன்னைய நான் குத்தம் சொல்லல. ஆனா நீ வாயத் தொறக்க மாட்டே. இருபத்தஞ்சு வருசமா பாக்குறேன், சூப்பர்வைசர்கிட்ட எங்களுக்காக அந்தச் சண்டை போடுவே. வீட்டாளுங்கன்னா ஊமையாயிடுவே."

ஒரு வார்த்தை பொய்யில்லை. அதுதான் குமுதாவைச் சுட்டது. தானே கூப்பிட்டு வந்த தோழியை, தன் வீட்டார் இருட்டுவதற்குள் துரத்திவிடப் போகிறார்கள். அவளோ இங்கே மீன் கழுவிக்கொண்டிருக்கிறாள்.

வாசு ஈரம் சொட்டச் சொட்ட அடுப்படி வாசலில் வந்து நின்றான். பின்னால் துண்டைப் போர்த்திக்கொண்டு தர்ஷினி. அவர்களுக்குப் பின்னால் மற்றவர்களும் பசியோடு ஏறி வந்துகொண்டிருந்தார்கள்.

"அத்தை, மீன் பொரிச்சாச்சா? பசி உயிர் போகுது."

குமுதா இவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். நைட் ஷிப்ட் முடிந்து வந்து, தூங்காமல் இவனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுப் படுத்தவள். இவனாவது புரிந்துகொள்வான் என்று அவளுக்கு அப்போதும் ஒரு நப்பாசை. கத்தியைக் கீழே வைத்தாள்.

"வாசு, அந்த ரூம எனக்குக் குடுத்துடுய்யா. சல்மா ஹால்ல படுக்க முடியாது. எனக்கும் முதுகு தாங்கல. நீங்க ரெண்டு பேரும் எளவயசு, நாலு நாள் ஹால்ல இருங்க."

வாசு சிரித்தான். தப்பாகச் சிரிக்கவில்லை, செல்லமாகத்தான் சிரித்தான்.

"என்ன அத்தை, நீங்க ரூமுக்குள்ள போய்த் தூங்கத்தானே போறீங்க? அத எங்க தூங்குனா என்ன?"

யோகேஸ்வரியின் வீட்டுக்காரர் 'ஹோ' என்று சிரித்தார். யோகேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வராந்தாவிலிருந்து அண்ணனின் சிரிப்பும் கேட்டது. சல்மா மட்டும் தரையைப் பார்த்தாள்.

அவ்வளவுதான். குமுதா கையைக்கூடக் கழுவவில்லை. வாசுவைத் தோளால் இடித்து விலக்கிக்கொண்டு நேரே ஏரியைப் பார்த்த அறைக்குள் போனாள். கட்டிலில் கிடந்த புதுப் பெட்டியை, மூடாமலே, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து ஹாலில் தொப்பென்று போட்டாள். தர்ஷினியின் பட்டு நைட்டி வழியில் விழுந்தது. அதையும் பொறுக்கி மேலே எறிந்தாள். எல்லாவற்றிலும் மீன் வாடை ஒட்டிக்கொண்டது. ஒட்டட்டும்!

"என்ன குமுதா, கிறுக்குப் புடிச்சிருச்சா?" குணாளன் எழுந்து வந்தார். "மருமக முன்னாடி மானத்த வாங்குறியா?"

"ஒங்க மானமா? அப்பவே என் பையோட சேர்த்து செருப்புக்கிட்ட போட்டீங்களே, அங்கதான் கெடக்கும். போய் எடுத்துக்குங்க."

அண்ணனை அவள் எதிர்த்துப் பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

"கல்யாணம் ஆகாதவளுக்கு முதுகு வலிக்காதா? உடுப்பு மாத்த ஒரு மறைவு வேணாமா? அங்க என் ரூமுக்கு நானே பூக் கட்டி இவன்கிட்ட குடுத்துட்டு வந்தேன். ஒரு வார்த்தை பேசுனேனா? எனக்குன்னு ஒருத்தன் குடுத்த நாலு நாளு இது. இதுலயும் எனக்கு ஹாலா? வெக்கமா இல்ல ஒங்களுக்கு?"

"சரி சரி," என்றாள் அண்ணி, கையைப் பிசைந்துகொண்டு. "மொதல்ல சாப்பாட்ட முடிச்சிட்டுப் பேசலாமே குமுதா. பிள்ளைங்க பசியா இருக்குதுங்க."

"மீனு அங்க கெடக்குது அண்ணி. உப்பு, மஞ்சத்தூள் எல்லாம் பக்கத்துலயே இருக்கு. ஒங்களுக்கும் கை இருக்கு."

தர்ஷினி அழ ஆரம்பித்தாள். பாவம், அந்தப் பெண் ஒன்றும் கேட்கவில்லை. இந்த அறையில் இருங்கள் என்றார்கள், இருந்தாள். அது குமுதாவுக்கும் தெரியும். ஆனால் இரக்கப்பட்டு இரக்கப்பட்டுத்தான் அவளே ஹாலுக்கு வந்து சேர்ந்திருக்கிறாள்.

"ஒம் மேல எனக்குக் கோவமில்லம்மா. அழறதா இருந்தா ஒம் புருசன் தோள்ல அழு. எனக்கு இப்ப நேரமில்ல."

சல்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பைகளையும் காலால் தள்ளிக்கொண்டே உள்ளே போனாள். கதவைச் சாத்தி, தாழ்ப்பாளை அடித்துப் போட்டாள். அந்தச் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். நெஞ்சு இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. நன்றாகக் கேட்டோம் என்ற நிம்மதி வரவில்லை, இன்னும் கேட்டிருக்க வேண்டியவைதான் ஒவ்வொன்றாக வரிசை கட்டி வந்தன. ஜன்னலுக்கு வெளியே ஏரி செக்கச்செவேல் என்று கிடந்தது. அதைப் பார்க்கத்தான் வந்தாள், பார்க்க முடியவில்லை. கண்ணை என்னவோ மறைத்தது.

"அல்லாவே," என்றாள் சல்மா. தூடோங்கைக் கழற்றி நாற்காலியில் போட்டு, நனைந்த முடியை விரலால் கோதிவிட்டாள். "இத்தன நாளும் இந்த வாயை எங்கடி வச்சிருந்தே?"

"நீ கெளம்புறியா?"

"போடி! இனிமே என்னைய வெளிய போகச் சொன்னாலும் போக மாட்டேன்." சல்மா ஃபோனை எடுத்து, வர வேண்டாம் என்று மகனின் கூட்டாளிக்குச் சொன்னாள். பிறகு அறையை ஒட்டிய சின்னக் குளியலறையில் ஒளு எடுத்துவிட்டு, தொழுகைத் துணியை ஜன்னலோரம் விரித்தாள். அந்தித் தொழுகை, மஃரிபு நேரம் ஆகியிருந்தது.

வெளியே முணுமுணுப்பு. யோகேஸ்வரி பிள்ளைகளை அதட்டினாள். எண்ணெய் பொரியும் சத்தம் கேட்டது. யாரோ மீனைச் சட்டியில் போட்டுவிட்டார்கள், கொஞ்ச நேரத்தில் கருகும் வாடையும் வந்தது. குமுதாவின் கால் தானாக எழப் பார்த்தது. அவள் அதைக் கட்டிலின் மேல் தூக்கி நீட்டிக்கொண்டாள்.

அப்போது கதவு தட்டப்பட்டது. மெதுவாக, இரண்டு தட்டு.

"அத்தை..." வாசுவின் குரல்.

மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறான். தூக்கி வளர்த்த பிள்ளை அல்லவா, மனசு உறுத்தியிருக்கும். கொதித்த நெஞ்சு ஒரு கணம் இளகிவிட்டது.

"அத்தை, என் ஃபோன் சார்ஜர் உள்ள இருக்கு."

தொழுது முடித்துத் துணியை மடித்துக்கொண்டிருந்த சல்மா சிரிப்பை அடக்க முடியாமல் துணியை வாயில் வைத்து அழுத்தினாள். குமுதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மறுபடியும் பற்றிக்கொண்டு வந்தது. சார்ஜராம்! சுவரில் தொங்கிய அதைப் பிடுங்கி அவன் தலையில் எறிய எழுந்தாள். எழுந்தவள் கதவருகில் நின்றுவிட்டாள்.

ஆயர் ஈத்தாமில் இதே பிள்ளை, தண்ணீர் குடிக்கப் போகும்போது அவள் மெத்தையை மிதித்துக்கொண்டு போவான். அவள் உடுப்பு மாற்றும்போது எல்லாரும் குறுக்கே நடப்பார்கள். இப்போது கதவுக்கு அந்தப் பக்கம் காத்துக்கொண்டு நிற்கிறான். நாற்பத்தேழு வயதில், குமுதா இருக்கும் இடத்துக்கு வர ஒருவர் அவளிடம் கேட்டு நிற்பது இதுதான் முதல் தடவை.

"அத்தை... வரலாமா?"

"வராதே," என்றாள் குமுதா.