செகண்ட்ஸ் நாய்க்குட்டி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு கார்த்திகை மாதத்தில் நடந்தது இது. நாங்கள் மங்கலத்தில் குடியிருக்கிறோம். நானும் என் வீட்டுக்காரரும் திருப்பூரில் வேறு வேறு பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கிறோம். மகள் அப்போது நான்காம் வகுப்பு. சாயங்காலம் பள்ளி வேன் அவளை வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடும். ஷிப்மென்ட் நெருங்கிவிட்டால் நாங்கள் ஒன்றரை ஷிப்ட் முடித்துவிட்டு வருவதற்குள் நன்றாக இருட்டிவிடும். அதுவரை கதவைத் தாழ் போட்டுக்கொண்டு டிவியும் அவளுமாக உட்கார்ந்திருப்பாள். தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது, ஒரு நாய்க்குட்டி வாங்கிக் கொடுங்கள் என்று நச்சரிக்க ஆரம்பித்தாள். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. வேலையை விடவா முடியும்?

இங்கே எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டுக்குத் தைக்கிற பனியனில் எங்காவது ஒரு தையல் விட்டிருக்கும், சாயம் லேசாகத் திட்டாகியிருக்கும். வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் வேண்டாம் என்று கழித்துவிடுவார்கள். அதற்குப் பெயர் செகண்ட்ஸ். அதைச் சல்லிசாக வாங்கிப் போட்டுக்கொள்வதில் எங்களுக்கு ஒரு பெருமையே உண்டு. அதிலும் நான் செக்கிங் செக்ஷனில் இருப்பவள். துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பழுது இருக்கிற இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் நாள் முழுக்க என் வேலை. எந்தக் கறை துவைத்தால் போகும், எது போகாது என்று பார்த்தவுடனே சொல்லிவிடுவேன். என்னை ஏமாற்ற இனி ஒருத்தர் பிறந்துதான் வர வேண்டும் என்கிற நினைப்பு எனக்கு.

அந்த நினைப்போடுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் நாய்க்குட்டி விற்கிற கடைக்குப் போனோம். முன்னால் மீன் தொட்டிகள், அதற்குப் பின்னால் கிளிகள், கடைசியில் கம்பிக் கூண்டுகளில் நாய்க்குட்டிகள். ஃபினாயில் வாசனையையும் மீறி ஒரு நாற்றம் அடித்தது. மற்றக் குட்டிகள் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குதித்துக்கொண்டிருக்க, ஒரு பழுப்பு நிறக் குட்டி மட்டும் மூலையில் சுருண்டு படுத்திருந்தது. கண்ணில் பீளை, மூக்கில் ஒழுகல். என் மகள் அதன் முன்னால்தான் போய் உட்கார்ந்தாள்.

எனக்குப் பழுது கண்ணில் பட்டுவிட்டது. பட்டவுடனே விலையைக் குறைக்கலாம் என்றுதான் தோன்றியது. கடைக்காரருக்கும் என் மாதிரி ஆட்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று தெரிந்திருந்தது.

“கொஞ்சம் சளி புடிச்சிருக்குதுங்க்கா, அவ்வளவுதான். நம்ம செகண்ட்ஸ் பீஸ் மாதிரின்னு வெச்சுக்கங்களே. ஒரு வாரம் பால் ஊத்துனீங்கன்னா ஃபர்ஸ்ட் குவாலிட்டி ஆயிருமுங்க” என்றார்.

தாய் நாயைப் பார்க்கலாமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அது வெளியூரில் இருக்கிறது, குட்டிகள் மட்டும் வண்டியில் வருகின்றன என்று பதில் வந்தது. தடுப்பூசி எல்லாம் போட்டாகிவிட்டதாம். ஏதாவது ஆனால் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வேறு குட்டி எடுத்துக்கொள்ளலாமாம். அதற்கு மேல் என்ன வேண்டும்? பேரம் பேசி, ஜெயித்துவிட்ட சந்தோஷத்தோடு வாங்கிக்கொண்டு வந்தேன்.

மகள் அதற்குப் பட்டன் என்று பெயர் வைத்தாள். அந்தச் சில நாட்கள் அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கம்பெனியில் இருந்து நான் கொண்டுவந்த, கட்டிங்கில் மிஞ்சிய துண்டுத் துணிகளைப் பரப்பி மெத்தை போட்டாள். தட்டில் இருந்த இட்லியைப் பிட்டு ஊட்டினாள். பட்டன் தின்னவில்லை. இருமியது, கழிந்தது. தரையெல்லாம் நாசமாகிக் கிடப்பதைப் பார்த்து, வேலை முடிந்து வந்த அலுப்பில் நான் கத்துவேன். “இது இப்பிடியே பண்ணுச்சுன்னா கடையில குடுத்துட்டு வேற மாத்திட்டு வந்தர்றேன் பாரு” என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேன். சொல்கிறபோது அது வெறும் வாய்ப்பேச்சு. கேட்கிறவளுக்கு அப்படி இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த வாரத்தில் பட்டனின் வாய் தானாக அசைய ஆரம்பித்தது. பபிள்கம் மெல்லுகிற மாதிரி இருந்தது. நாங்கள் சிரித்தோம். செல்போனில் வீடியோ கூட எடுத்தோம். ஒரு நாள் காலை, மகள் பள்ளிக்குப் போன பிறகு, அது பக்கவாட்டில் விழுந்து நான்கு கால்களையும் உதைத்துக்கொண்டு இழுக்க ஆரம்பித்தது. வாயில் நுரை. என் வீட்டுக்காரர் ஓர் அட்டைப்பெட்டியில் அதைப் போட்டு பைக்கில் எடுத்துக்கொண்டு ஓடினார். எங்கே என்று நினைக்கிறீர்கள்? டாக்டரிடம் இல்லை, கடைக்கு. திரும்பி வரும்போது அதே பெட்டியில் வேறொரு குட்டி இருந்தது. ஒரு வார்த்தை கேட்காமல் மாற்றிக் கொடுத்தார்கள், நாணயமான கடைதான் என்று நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டோம்.

அன்று நான் வேலைக்குப் போகவில்லை. சாயங்காலம் மகள் வந்தாள். புதுக் குட்டியைப் பார்த்தாள். “பட்டன் எங்கம்மா?” என்று கேட்டாள். சொன்னேன். அவள் அழுவாள், சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். யூனிஃபார்மைக் கூட மாற்றாமல் போய்ப் படுத்துக்கொண்டாள்.

இதற்காவது ஒழுங்காக ஊசி போட்டுவிடலாம் என்று மறுநாள் புதுக் குட்டியைக் கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். டாக்டரம்மா சின்ன வயதுக்காரர். பல்லைப் பார்த்துவிட்டு, தாயிடம் இருந்து பிரிக்கவே கூடாத வயது என்று கோபப்பட்டார். பேச்சுவாக்கில், மகளுக்காக வாங்கிய பட்டனைப் பற்றிச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“அந்தக் குட்டி இப்ப எங்கீங்க?”

“கடையிலயே குடுத்துட்டமுங்க.”

“யாரையாச்சும் கடிச்சுதுங்களா?”

“இல்லீங்க” என்றேன், சட்டென்று.

அவர் பொறுமையாகச் சொன்னார். மூளையைத் தாக்குகிற ஒரு வைரஸ் காய்ச்சல் நாய்களுக்கு வரும், பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும், அது மனிதருக்கு ஒட்டாது. ஆனால் வெறிநோயாகவும் இருக்கலாம். தாய் எது, எங்கே பிறந்தது, ஊசி போட்டார்களா என்று ஒன்றுமே தெரியாதபோது இல்லை என்று தள்ள முடியாது. குட்டியின் உடல் கிடைத்தால் சோதனைக்கு அனுப்பலாம். வெறிநோய் வந்துவிட்டால் மனிதருக்கு மருந்தே கிடையாது என்று சொல்லிவிட்டு, “குழந்தைகிட்டக் கேட்டா மட்டும் பத்தாதுங்க. உடம்பப் பாருங்க” என்றார்.

வெளியே வந்து கடைக்குப் போன் செய்தேன். “அது நேத்தே போயிருச்சுங்க்கா. குப்பை வண்டியில போட்டு உட்டாச்சு” என்றார் கடைக்காரர். அவர் குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

அன்றைக்கு லீவு போட்டுவிட்டு மகளைப் பள்ளியில் இருந்து கூட்டிக்கொண்டு வந்தேன். பட்டன் கடித்ததா என்று கேட்டதற்கு, இல்லை என்று தலையை ஆட்டினாள். டியூப்லைட்டுக்கு அடியில் நிற்க வைத்து, கம்பெனியில் துணியைப் பார்ப்பது போலவே உச்சந்தலையில் இருந்து பார்க்க ஆரம்பித்தேன். சில நாட்களாக வீட்டில் கூட முழுக்கை பனியனைக் கழற்றாமல் இருந்தாள். குளிருக்காக என்று நினைத்திருந்தேன். கையை மேலே சுருட்டினேன். முழங்கைக்குக் கீழே, உள்பக்கத்தில், காய ஆரம்பித்திருந்த பல் தடம். அதன் மேல் மஞ்சள் பூசியிருந்தாள். அவளே பூசிக்கொண்டது.

“ஏஞ்சாமி சொல்லல?” என்று கேட்டேன்.

“சொன்னா பட்டனக் கொண்டு போய் மாத்திட்டு வந்துருவீங்கல்லம்மா.”

அவளை அள்ளிப் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினோம். காயத்தை சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் வெகுநேரம் கழுவச் சொன்னார்கள். பிறகு காயத்தைச் சுற்றியே ஊசி குத்தினார்கள். என் வீட்டுக்காரர் அவளைப் பிடித்துக்கொண்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்தக் குட்டியின் எச்சில் பட்டிருக்கும் என்பதால் எங்கள் இருவருக்கும் ஊசி போட்டார்கள். கடித்தவுடனே வந்திருக்க வேண்டும், பரவாயில்லை, மீதி ஊசிகளைத் தவறாமல் போட்டுவிடுங்கள் என்றார் டாக்டர். அந்தப் ‘பரவாயில்லை’யைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த சில மாதங்களை ஓட்டினேன்.

ஊசி போட்டு முடித்து, வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அழுது ஓய்ந்திருந்த மகள் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். “ஊசி போட்டும் எனக்குச் சரியாகலீன்னா, என்னைய எங்கம்மா கொண்டு போயி உடுவீங்க?”

என் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அந்த வராந்தாவில் ஓவென்று அழுதேன். என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. சொல்லியிருந்தாலும் அது அவள் மனதில் இறங்கியிருக்காது. பட்டனுக்கு நடந்தது அவள் கண்ணால் பார்த்த விஷயம் அல்லவா.

புதுக் குட்டியும் அந்த வாரமே ரத்தமாகக் கழிய ஆரம்பித்தது. டாக்டரம்மா குளுக்கோஸ் ஏற்றிப் பார்த்தார். பிழைக்கவில்லை. மகள் அழவில்லை. என் வீட்டுக்காரர் கடைக்குப் போய்ச் சண்டை போட்டார். அவர்கள் பதிலுக்குச் சண்டைக்கே வரவில்லை. “கோவப்படாதீங்கண்ணா, வேற ஒண்ணு எடுத்துக்கங்க” என்று கூண்டைத் திறந்திருக்கிறார்கள். பக்கத்திலேயே ஒரு குடும்பம் குட்டி பார்த்துக்கொண்டிருந்ததாம். நடந்ததை எல்லாம் அவர்களிடம் இவர் சொல்லியிருக்கிறார். அவர்கள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்கள், பிறகு கண்ணில் நீர் வடிந்துகொண்டிருந்த ஒரு குட்டியைக் காட்டி, அதற்கு விலை குறையுமா என்று கேட்டார்கள் என்று வந்து சொன்னார்.

வெறிநோய் வந்தால் தண்ணீர் இறங்காது என்பார்கள். அதன் பிறகு தினமும் காலையில் மகள் தண்ணீர் குடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்ப்பேன். தொண்டையில் இறங்குகிறதா, முகம் சுளிக்கிறாளா என்று பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். தும்மினால் கூட எனக்கு உயிர் போகும். இப்போது டாக்டர்கள் பயமில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஒன்றரை ஷிப்டை நான் விட்டுவிட்டேன். ஆறு மணிக்கெல்லாம் வீட்டில் இருக்கிறேன்.

ஆனாலும் போன மாதம் அவள் டீச்சர் போன் செய்தார். பிள்ளைக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல் அடிக்கிறது, வீட்டில் கவனிக்கவில்லையா என்று கேட்டார். காலையில் என் எதிரே உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே இரண்டு தோசை தின்றுவிட்டுப் போனவள் அவள். உடம்புக்கு முடியவில்லை என்றால் பெற்றவளிடம் சொல்லக் கூடாது என்று என் குழந்தை என்னிடம்தான் கற்றுக்கொண்டாள், அதை எப்படி மறக்க வைப்பது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.