நாற்காலியை நகர்த்துகிறவர்

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்ததும் அக்கா முதலில் நாற்காலியை நகர்த்துவார். யாரையும் கேட்க மாட்டார். கூடத்தின் நடுவே ஒன்று, அறை வாசலுக்கு நேராக ஒன்று. பிறகு சுவரோரம் கைகட்டி நின்று, "இப்பக் கூப்பிடுங்க அவனை" என்பார். நாய் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டால் அக்காவின் தோள்கள் நிம்மதியாக இறங்கும். விளக்கை அணைத்துவிட்டு மறுபடியும் ஒருமுறை. கடைசியாகக் கைப்பையிலிருந்து ஒரு பஞ்சுருண்டையை எடுத்து நாயின் முகத்துக்கு முன்னால் நழுவவிடுவார். பஞ்சு விழுவது காதுக்குக் கேட்காது. கண் தெரிந்தால்தான் தலை திரும்பும்.

"சம்பந்தி மாதிரி வந்து நோட்டம் பாக்கிறீங்களேக்கா" என்று ஒரு வீட்டில் கேட்டார்கள்.

"சம்பந்திதான். பொண்ணு குடுத்த வீடாச்சே."

அக்காவுக்கு மருந்துக்கடையில் வேலை. எந்த டாக்டரின் கிறுக்கலையும் ஒரே பார்வையில் படித்துவிடுவார். வீட்டின் பின்பக்கம் இருபது வருடங்களாக ஸ்பானியல் நாய்கள் வளர்க்கிறார். "எனக்கு ஜுரம்னா மாத்திரை, நாய்க்கு ஜுரம்னா லீவு" என்பது அவர் கணவரின் நிரந்தரக் குறை. கர்னல் என்கிற ஆண் நாய் கண்காட்சிகளில் பன்னிரண்டு கோப்பைகள் வாங்கியது, எல்லாம் தரையைத் தொடும் அந்தக் காதுகளுக்காக. அந்தக் காது கெட்டுவிடக் கூடாதென்று கர்னலின் வம்சத்துக்குள்ளேயே ஜோடி சேர்த்தார். "வெளிச்சம்பந்தமே வேணாம்னு இருந்தேன். அவ்வளவு திமிரு" என்பார்.

எங்கள் மிளகு, கர்னலின் மகள். என் மனைவி ஆசைப்பட்டு வாங்கி வந்தவள். மனைவி இறந்த செய்தி அக்காவுக்கு எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அன்று மாலையே வந்தார். என் பக்கத்தில் உட்காருவதற்காக ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அது என் மனைவியின் நாற்காலி. துக்கப் பேச்சை மாற்ற, "மிளகு கண்ணு இப்பல்லாம் சாயங்காலமானா விளக்கு மாதிரி மின்னுதுக்கா" என்றேன்.

அக்கா பேச்சை நிறுத்திவிட்டு மிளகைக் கூப்பிட்டார். ஓடி வந்தவள் நாற்காலியின் காலில் நெற்றியை மோதிக்கொண்டாள். அக்கா எழுந்து நாற்காலியை இரண்டடி தள்ளிப் போட்டுவிட்டு மறுபடி கூப்பிட்டார். மறுபடி மோதினாள்.

"எத்தனை நாளா இப்படி?"

"எப்படி?" என்றேன். உண்மையாகவே எனக்குத் தெரியாது.

"வீட்டுல எதையாவது இடம் மாத்துனீங்களா?"

"இல்லைக்கா. எட்டு மாசமா எதையும் தொடல."

"அதான் உங்களுக்குத் தெரியல. வீடு பூரா அவளுக்கு மனப்பாடம்." மிளகின் நெற்றியைத் தடவியபடி வெகுநேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தார்.

விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துபோகும் பரம்பரை நோய் அது. முதலில் இருட்டில் தெரியாது. பிறகு பகலிலும் தெரியாது. தாய், தகப்பன் இருவரிடமும் குறை ஒளிந்திருந்தால்தான் குட்டிக்குக் கண் போகும். வம்சத்துக்குள்ளேயே ஜோடி சேர்த்ததில் அதுதான் நடந்திருந்தது. அக்கா கர்னலின் ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்ப, ஆய்வக முடிவு வந்தது. கர்னலின் கண்ணில் குறையில்லை, ரத்தத்தில் இருந்தது.

"கமுக்கமா இருந்துடுங்கக்கா. தமுக்கடிச்சா உங்க பேருதான் போகும்" என்றார் நாய் வளர்க்கும் இன்னொருவர்.

"என் பேரைச் சொல்லிக் குடுத்த குட்டிங்க. குறையும் என் பேர்லயே வரட்டும்."

கர்னலுக்குக் கருத்தடை செய்ய அவரே கூட்டிப் போனார். பிறகு விடுமுறை நாட்களில், கர்னலின் குட்டிகளைக் கொடுத்த நாற்பத்தொரு வீடுகளுக்கும் போனார். ஆறு குட்டிகளுக்குக் கண் போயிருந்தது. "ராஜ வம்சம்னு சொல்லித்தானே குடுத்தீங்க?" என்று ஒருவர் வாசலிலேயே நிற்க வைத்துக் கேட்டார். "ராஜ வம்சம்தான். அதுக்கு வாய் இல்ல, அதான் நான் வந்து சொல்றேன்" என்றார் அக்கா.

வருடத்துக்கு ஒருமுறை அந்தச் சுற்று இன்றும் நடக்கிறது. கோப்பைகளை அலமாரியிலிருந்து இறக்கவில்லை. "காதுக்குக் குடுத்தது. காது அப்படியேதானே இருக்கு." ஆனால் பதின்மூன்றாவதாக, ஆய்வக முடிவைச் சட்டம் போட்டு அதே வரிசையில் வைத்திருக்கிறார். குட்டி கேட்டு வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். இப்போது பரிசோதித்த வெளிவம்சத்தில்தான் ஜோடி. போன மாதம் பிறந்த குட்டிகளைப் பார்க்க என்னைக் கூப்பிட்டார். "காது ஒரு விரற்கடை குட்டைதான்" என்று பஞ்சுருண்டையை நழுவவிட்டார். ஐந்து தலைகளும் ஒன்றாகத் திரும்பின. பன்னிரண்டு கோப்பைகள் வாங்கியபோதும் அக்காவின் முகத்தில் அப்படியொரு நிமிர்வு இருந்திருக்காது.

எங்கள் வீட்டில் மட்டும் எதையும் நகர்த்த மாட்டார். மிளகோடு தரையில் உட்கார்ந்து பேசுவார். கிளம்பும்போது ஜன்னலோரம் போய்க் குனிவார். பிரம்பு நாற்காலியின் நான்கு கால்களும் தரையில் பதிந்த பழைய தடங்களின் மேல் இருக்கின்றனவா என்று பார்ப்பார். பெருக்கும்போது நான் அரை விரல் தள்ளியிருந்தால், சத்தமில்லாமல் தூக்கி, தடத்தின் மேல் இறக்கி வைப்பார்.