பெயர் மாறாத கல்யாணம்

இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் ஊரில் ஹில்டா மர்கட்ராய்டு மீனும் உருளைக்கிழங்கும் பொரித்து விற்கும் கடை வைத்திருந்தாள். அந்தக் குடும்பப் பெயர் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. பள்ளியில் வருகை எடுக்கும்போது வகுப்பே சிரிக்கும். கல்யாணமானால் தொலையும் என்றிருந்தாள். ஸ்மித் என்ற சாதாரணப் பெயர்க்காரன் ஒருவன் பெண் கேட்டு வந்ததும் உண்டு. ஆனால் அவன் வாயைத் திறந்தால் புறாப் பந்தயம்தான், வேண்டாமென்றுவிட்டாள். ஐம்பத்திரண்டு வயதிலும் கடைப் பலகையில் அப்பாவின் பெயரே நின்றது.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், கூட்டம் நெரிக்கிற நேரத்தில், வெயிலில் கறுத்த ஓர் ஆள் வரிசையில் வந்து நின்றார்.

"மீன் ஒண்ணா, ரெண்டாங்க?"

"மீன் இருக்கட்டும்மா. வெளியில பலகையில இருக்கிறது என் பேரு. க்ளைவ் மர்கட்ராய்டு. டாஸ்மேனியாவுலேர்ந்து வரேன்."

பின்னால் நின்ற ரொட்டிக்கடை நோரா, "ஒரு மர்கட்ராய்டை வச்சுக்கிட்டே நாங்க படுற பாடு போதாதா?" என்றாள்.

க்ளைவின் முன்னோர் ஒருவர் இந்த ஊரில் கைத்தறி நெய்தவர். ஆலைகள் வந்து தறி ஓய்ந்தபோது கப்பலேறியவர். பெயர் எங்கே பிறந்தது என்று டாஸ்மேனியாவில் யாருக்கும் தெரியவில்லை.

"மேட்டுக் காட்டுக்குப் போற வழியில மரத்தை வெட்டித் திருத்தின நிலம், அவ்வளவுதான் அர்த்தம்" என்றாள் ஹில்டா. "குடியிருந்தவங்களுக்கு இடத்துப் பேரே ஒட்டிக்கிச்சு. ஞாயித்துக்கிழமை வாங்க, காட்டுறேன்."

மலைமேல் காற்று ஆளைத் தள்ளியது. செந்தட்டிச் செடி, கல் சுவர், நாலைந்து ஆடுகள்.

"இவ்வளவுதானா?" என்றார் க்ளைவ்.

"பின்ன, அரண்மனையா கட்டி வச்சிருப்பாங்க?"

அவர் சிரித்துக்கொண்டே சுவரைத் தடவினார். "எங்க பண்ணையிலயும் இதே மாதிரி சுவருதான். மண்ணு வைக்காம கல்லு மேல கல்லு. கப்பலேறின அந்தக் கிழவன் போன இடத்துலயும் இதையே கட்டியிருக்கான்."

விடுமுறைக்குப் போகும் பிளாக்பூல் கடற்கரையைத் தாண்டிப் போகாத ஹில்டாவுக்கு, தான் உதறப் பார்த்த பெயர் கடல் தாண்டிப் போய்ச் சுவர் கட்டியிருக்கிறது என்பது ஏனோ பிடித்திருந்தது. கையோடு கொண்டுவந்த, பன்றிக்கறி அடைத்துச் சுட்ட ரொட்டியைப் பிட்டு அவருக்குப் பாதி கொடுத்தாள்.

மனைவியை இழந்தவர் க்ளைவ். மூன்று வாரத்துக்கு வந்தவர் குளிர்காலம் முழுதும் தங்கினார். வசந்தத்தில் கல்யாணம்.

"சொந்தக்காரனா இருக்கப் போறான்டி" என்றாள் நோரா.

"நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. நடுவுல எவ்வளவு தண்ணி கிடக்கு."

"அப்பவும் பேரு போகலையே உனக்கு."

"போகாட்டி என்ன, நல்லாத்தான் இருக்கு" என்றாள் ஹில்டா.

பொரிப்பதற்கு மாட்டுக் கொழுப்பா எண்ணெயா என்பதில் மட்டும் கணவன் மனைவிக்குள் ஒத்துப்போகவில்லை; அவளுக்குக் கொழுப்பு, அவருக்கு எண்ணெய். வெள்ளிக்கிழமைகளில் அவர் சட்டியருகே நின்று முணுமுணுத்தபடி கொழுப்பில்தான் பொரித்தார். அவள் கால் நீட்டி உட்கார்ந்து, வருகிறவர்களிடம் ஊர்க்கதை பேசினாள்.