பூங்காவில் ஒரு ஸ்கேட்டிங் மேடை

விருத்தாசலத்தில் எங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள பூங்காவின் மூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை செங்கல்லும் சிமென்ட்டும் வந்து இறங்கின. பீங்கான் கம்பெனியில் வேலை பார்க்கும் செல்வி, தெருப் பெண்கள் நாலைந்து பேரோடு அங்கே ஏதோ கட்ட ஆரம்பித்தாள்.

"பிள்ளைங்க ஸ்கேட்டிங் வுடறதுக்கு மேடைக்கா. ரோட்டுல லாரிங்களுக்கு நடுவுல ஓட்டுதுங்க, பயமா இருக்குது" என்றாள்.

நான் நம்பவில்லை. பொது இடத்தை வளைக்கிறவர்கள் முதலில் இப்படித்தான் சொல்வார்கள். தினமும் ஜன்னலோரம் நின்று கவனித்தேன். மேடை சரிவாக உயர்ந்தபோதும், மேலே கொட்டகை போட்டுவிடுவார்கள் என்றே தோன்றியது. பெயர் போடாமல் நகராட்சிக்குப் புகார் எழுதினேன்.

அதிகாரி வந்து இடிக்கச் சொன்னார். செல்வி நேராக என் வாசலுக்கு வந்தாள். புகார் எழுதியது நான்தான் என்று தெரிந்துவிட்டதோ என்று நினைத்தபடி கதவைத் திறந்தேன்.

"அக்கா, நீங்கதான் தெனம் பாக்குறீங்க. பிள்ளைங்களுக்குத்தான் கட்டுறோம்னு வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. எதிர்வீட்டுக்காரங்க நீங்க சொன்னா கேப்பாரு."

போய்ச் சொன்னேன். அதிகாரி இடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

மேடை முடிந்த அன்று செல்வியின் மகள் கைகளை விரித்துக்கொண்டு முதல் ஆளாகச் சறுக்கி இறங்கினாள். "இந்த அக்கா இல்லன்னா இது இல்ல" என்று செல்வி எல்லோரிடமும் சொன்னாள். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சிரித்தபடி நின்றேன். இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.