கண்ணாடிப் பெட்டிக்குள் ஒற்றைச் சப்பாத்து

நாற்பத்தைந்து வயதாகியும் ஆடி அமாவாசை விரதம் பிடிக்க எனக்கு அனுமதி இல்லை. அது தகப்பனை இழந்தவர்களின் விரதம். சண்டைக் காலத்தில், நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது, அப்பா இந்தியாவுக்கென்று படகேறினார். படகு கரை சேரவில்லை; உடலும் கிடைக்கவில்லை. உயிரோடு இருக்கிறவருக்கு விரதம் பிடித்தால் அவர் ஆயுள் குறையுமாம். அம்மா அதில் ஒரே பிடி. அன்றைக்கு ஊரெல்லாம் விரதச் சாப்பாட்டுக்குக் கசப்புக் காத்தோட்டிக்காய் சமைக்க, எங்கள் குசினியில் மட்டும் வேண்டுமென்றே மீன் கொதிக்கும். வருடா வருடம் எனக்கும் அம்மாவுக்கும் சண்டை.

வாசல் படலைக்குக் கொழுக்கி போடவும் விடமாட்டார்; அப்பா வந்தால் திறந்திருக்கவேண்டுமாம். காற்றுக்கு அது கிறீச்சிட்டால், அப்பாவின் குதிக்கால் இழுத்த நடை கேட்கிறதா என்று என் காது தானாகப் போகும். சனியன் பிடித்த காது.

போன ஆடியில், அமாவாசைக்கு நான்கு நாள் இருக்க, ஊர்காவற்றுறையில் ஒரு கண்காட்சி. ஒல்லாந்தர் காலத்தில் எங்கள் கடலில் மூழ்கிய கப்பலின் பொருள்கள். கப்பல் என்றதும் அம்மா சீலை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். கூட்டிப்போனது என் பிழைதான்.

பீங்கான் துண்டுகள், துருவேறிய ஆணிகள், பாசி அப்பிய சாடி. ஒன்றிலும் அம்மா நிற்கவில்லை. கடைசிப் பெட்டியில் ஒற்றைச் சப்பாத்து ஒன்று கிடந்தது. தோல் கறுத்துச் சுருங்கி, குதிக்கால் பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. அப்பாவின் நடைக்கும் இப்படித்தான் தேயும்.

விளக்கம் சொல்ல நின்ற பெண்ணிடம், ஆட்களின் உடல்கள் எடுபட்டனவா என்று அம்மா கேட்டார். இல்லை, அவர்களின் பெயர்கூடத் தெரியாது என்றாள் அவள்.

“அப்ப இந்தச் சனத்துக்கு ஆர் பிள்ளைக் கடமை செய்தது?”

“ஒருத்தரும் செய்திருக்கமாட்டினம் அம்மா. வீட்டுக்காரர் வருவினமெண்டு பாத்துக்கொண்டு இருந்திருப்பினம்.”

அம்மா கண்ணாடியில் இரண்டு கைகளையும் வைத்தபடி நின்றார். மூடப்போகிறோம் என்று சொன்ன பிறகும் அசையவில்லை. தோளைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன். பஸ்ஸில் எங்கள் வேலணை வரும்வரை அம்மா கடல் பக்கம் திரும்பவேயில்லை. எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது.

அமாவாசையன்று காலை குசினியில் மீன் இல்லை. காத்தோட்டிக்காய் அரிந்து தண்ணீரில் கிடந்தது. போய்த் தீர்த்தமாடிவிட்டு வா என்றார் அம்மா, என் முகத்தைப் பாராமல்.

கடற்கரையில் ஐயர் தகப்பன் பெயரைக் கேட்டார். இரண்டாம் முறை கேட்டபிறகுதான் சொன்னேன். அழுதுகொண்டே வீட்டுக்கு வந்து, உள்ளே நுழைந்ததும் படலைக்குக் கொழுக்கியைப் போட்டேன். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அம்மா வாழையிலையில் அப்பாவுக்குப் படைத்துக்கொண்டிருந்தார். நெற்றியில் வழக்கமான குங்குமம். நான் அதையே பார்ப்பதைக் கண்டுவிட்டார்.

“நீ பிள்ளை, நீ செய்யத்தான் வேணும். ஒருத்தரும் செய்யேல்லையெண்டு அவர் கடலுக்கை கிடக்கக்கூடாது. ஆனா நான் பாத்துக்கொண்டுதான் இருப்பன்.”

கையைத் துடைத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கிப் போய்ப் படலைக் கொழுக்கியைக் கழற்றிவிட்டார். அது கிறீச்சிட்டது. என் காது அங்கே போனது.