வளைவுக்கு வெளியே நிற்கும் படகு

படகு தள்ளும் ஊன்றுகோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு வரப்பில் நடக்கும்போது புஷ்கரன் வாய்க்கால் பக்கம் பார்ப்பதில்லை. பகையாளி வீட்டு வாசலைக் கடப்பவர் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வார். வேம்பநாட்டுக் காயலில் முப்பது வருடமாக மட்டிச் சிப்பி அள்ளுகிறவர். சமையலறைப் படியைத் தொட்டு ஓடும் அந்த வாய்க்காலோடு அவருக்குப் பிணக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது.

பழைய படகு உளுத்துப்போனபோது இரண்டு படகுகள் விலைக்கு வந்தன. ஒன்று பதினாறு அடி, மற்றது இருபத்தாறு. இரண்டும் முழங்கால் தண்ணீரில் மிதக்கிற தட்டைப் படகுகள். மனைவி விலாசினி சின்னதைத்தான் காட்டினாள்.

"இது போதும் சேட்டா. நம்ம ரெண்டு பேருக்கு எதுக்குத் தேரு?"

"உன் முட்டிக்காகத்தான்டி சொல்றேன். பெருசுன்னா காலை நீட்டி உட்காரலாம்."

மட்டியை இரட்டிப்பாக அள்ளலாம் என்ற ஆசையும் இருந்தது. அதை அவர் சொல்லவில்லை.

புஷ்கரன் அவசரக்காரர் இல்லை. வாய்க்கால் நெடுக நடந்து, கோலைக் குறுக்கே பிடித்து இடம் இடமாக அகலம் அளந்தார். எங்கும் ஒரு சாண் மிச்சம் இருந்தது. மனிதர் நீளத்தை மட்டும் மறந்துவிட்டார். சிலுவை நிற்கும் குருசடிக்குப் பக்கத்தில் வாய்க்கால் முழங்கை போல மடங்குகிறது. புதுப் படகின் மூக்கு ஒரு கரையிலும் வால் மறு கரையிலும் முட்டிக்கொண்டு நின்றது. அதற்குள் சின்னதை வாத்து மேய்க்கிறவர் ஒருவர் வாங்கிப் போயிருந்தார்.

ஆகவே பெரியது வளைவுக்கு வெளியே கட்டிக் கிடக்கிறது. வழுக்கும் வரப்பில் அவ்வளவு தூரம் விலாசினியால் நடக்க முடியாது. வேறு படகில் வந்து மாறி ஏறலாமென்றால் இதன் விளிம்பு உயரம், அவளுக்கு முட்டி மடங்காது. இருபது வருடமாகச் சமையலறைப் படியிலிருந்தே படகேறி, நடுவில் உட்கார்ந்து மட்டி சலித்து, வழி நெடுக அவரைத் திட்டிக்கொண்டே வந்தவள். இப்போது காயலில் திட்ட ஆளில்லாமல் அவருக்கு வேலையே ஓடவில்லை.

"படகை நடுவுல அறுத்துடுங்க சேட்டா. சேச்சிக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணு" என்று சீண்டுவார் டீக்கடை சதானந்தன்.

"அறுக்க வேண்டியது என் கையை. அகலத்தை அளந்துச்சே, அந்த வளைவைத் தொட்டுப் பார்த்துச்சா?"

ஊர் முழுக்க இப்படிச் சொல்லியாகிவிட்டது. விலாசினியிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்திருந்தால் தேவலை.

படகின் நடுவில் ஒரு பலகை இருக்கிறது. அவள் கால் நீட்டுவதற்கென்று, வாங்கிய அன்றே அவர் அடித்தது. மட்டி குவிந்து வழிந்தாலும் அதன்மேல் ஒரு ஓடு விழ விடமாட்டார். இன்று காலையும் படகேறியதும் கோலால் விளிம்பை மூன்று முறை தட்டினார். வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து, பாத்திரத்தில் கரண்டி மூன்று முறை தட்டும் சத்தம் வந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து, பலகையில் படிந்திருந்த பனியை ஓரம்வரை துடைத்தார். பிறகுதான் கோலை ஊன்றினார்.