புதுசைவிட மேல்

பேகம்பூரில் வாட்ச் ரிப்பேர் செய்யும் பாயின் மேஜைக்கு அடியில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும். கொடுத்தவர்கள் திரும்ப வந்து வாங்காதவை, விற்றுத் தரச் சொன்னவை, உதிரிப் பாகத்துக்காகப் பிரித்துப் போட்டவை என்று இருபது முப்பது கைக்கடிகாரங்கள் அதில் கிடக்கும். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை அந்த டப்பாவைத் துழாவிக்கொண்டிருந்தபோதுதான் அது என் கையில் சிக்கியது. வெளிர் நீல முகம், மெலிந்த முட்கள், மூன்று மணி இருக்க வேண்டிய இடத்தில் தேதி. வெளிநாட்டு ஆட்டோமேட்டிக் வாட்ச். அதற்குப் பேட்டரி கிடையாது. கட்டியிருப்பவர் கையை ஆட்ட ஆட்ட உள்ளே ஒரு தகடு சுழன்று தானாகச் சாவி கொடுத்துக்கொள்ளும். லேசாகக் குலுக்கிக் காதில் வைத்தேன். ஓடியது. அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது நினைக்கவே கூசுகிறது.

நான் அப்போது கொடைரோட்டுப் பக்கம் ஒரு நூற்பாலையில் டைம் ஆபீஸில் வேலை பார்த்தேன். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், எத்தனை மணிக்கு வெளியே போனார்கள் என்று குறித்து வைப்பதுதான் வேலை. நாள் முழுக்க ஜன்னல் வழியே கைகள் மட்டும் நீளும். முகத்தைப் பார்ப்பதற்கு முன் மணிக்கட்டைப் பார்க்கிற பழக்கம் அங்கேதான் வந்தது. மேனேஜருடையது ரத்தம் ஓடாத அளவுக்குக் கனமான தங்க நிற வாட்ச். மாஸ்டர்கள் கல்யாணத்துக்கு மாமனார் வீட்டில் போட்டதையே தலை நரைக்கும்வரை கட்டினார்கள். மிஷினில் நிற்கும் பெண்கள் மெல்லிய பட்டை வைத்த வாட்சை வாசலிலேயே கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொள்வார்கள். உள்ளே கட்டக் கூடாது. நான் மணிக்கூண்டுப் பக்கம் நடைபாதையில் வாங்கிய பிளாஸ்டிக் வாட்சில் ஆரம்பித்து, ஒரு கட்டத்தில் கிழமைக்கு ஒன்று கட்டுகிற ஆளாகியிருந்தேன். வாங்கும் சம்பளத்துக்குப் புதிதாக நல்லது வாங்க முடியாது. அதனால் பழையதைத் தேடினேன். பிறகு, என்னால் வாங்க முடியாததை எல்லாம் மட்டம் என்று சொல்லிப் பழகிக்கொண்டேன். கண்ணாடிப் பெட்டியில் பளபளக்கும் பேட்டரி வாட்சுகளை நான் பொம்மை என்றுதான் சொல்வேன். இதைக் கேட்டுத் தலையாட்டவும் மில்லில் நாலு பேர் இருந்தார்கள்.

அவர்களில் ஒருவர் ஸ்டோர்கீப்பர் அண்ணன். சேவுகம்பட்டிக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஸ்டோரில் எந்த போல்ட் எந்த அலமாரியில் இருக்கிறது என்பதைத் திரும்பிப் பார்க்காமல் சொல்வார். மற்றபடி உலக விஷயம் எதிலும் தனக்கு ஒன்றும் தெரியாது என்று முழுமனதாக நம்பியவர். அவர் வாட்ச் கட்டியதில்லை. ஒரு நாளைக்கு நாலு தடவை என் ஜன்னல் பக்கம் வந்து, "அப்பு, மணி என்னாச்சு?" என்பார். அவர் ஸ்டோரிலேயே சுவர்க் கடிகாரம் இருந்தது. ஆனாலும் என்னிடம் கேட்பார். செத்த நேரம் நின்று பேசிவிட்டுப் போவதற்கு அது ஒரு சாக்கு.

அவருடைய மூத்த மகளுக்கு ஒட்டன்சத்திரத்தில் மாப்பிள்ளை அமைந்தது. காய்கறிக் கமிஷன் கடை வைத்திருக்கும் குடும்பம், இவரைவிட வசதி. எங்கள் பக்கம் மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டில் வாட்ச் போடுவது வழக்கம். மோதிரத்தைக்கூடப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். வாட்ச் கையிலேயே இருக்கும், நாலு பேர் கண்ணில் படும், போட்டோவில் விழும். அண்ணன் என்னிடம் வந்தார். "எனக்கு இதுல ஒரு எழவும் தெரியாது. நீதான் பாத்து வாங்கிக் குடுக்கணும். சபையில தலை குனியாம இருக்கணும், அம்புட்டுத்தான்." அவர் சொன்ன தொகைக்குத் திண்டுக்கல் கடைகளில் பளபளவென்று ஒரு புது வாட்ச் தாராளமாக வந்திருக்கும். வேறு யாராக இருந்தாலும் அதை வாங்கிக் கொடுத்து, கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வந்திருப்பார்கள்.

நான் பாயின் டப்பாவிலிருந்து அந்த நீல முகத்தை எடுத்தேன். யாருக்கு என்று பாய் கேட்டார். எனக்குத்தான் என்றேன். கல்யாணத்துக்கு என்று சொன்னால் அவர் தர மாட்டார் என்பது எனக்குத் தெரியும். சர்வீஸ் செய்து, மெருகேற்றி, புதுக் கண்ணாடியும் புது வாரும் போட்டு வாங்கினேன். எல்லாம் சேர்ந்து அண்ணன் கொடுத்த தொகைக்குச் சரியாக வந்தது. ஒரு பைசா நான் தின்னவில்லை. இதைச் சொல்லிக்கொள்வதில் ஒரு பெருமையும் இல்லை; தின்றிருந்தாலாவது வெறும் திருட்டு என்று விட்டுவிடலாம். என்னிடமிருந்த வேறொரு வாட்சின் நல்ல பெட்டியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணன் வேட்டி நுனியில் கையைத் துடைத்துவிட்டுத்தான் அதைத் தொட்டார். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "புதுசு தானப்பு?" என்றார்.

"புதுசைவிட மேலண்ணே," என்றேன்.

அவருக்கு அது போதுமானதாக இருந்தது. நான் பழையது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் தயங்கியிருப்பார், வேறு வாங்கச் சொல்லியிருப்பார். என் ரசனை ஒரு பெரிய வீட்டு மாப்பிள்ளையின் கையில் ஏறிச் சபையில் நிற்கப் போகிறது என்ற ஆசை எனக்கு. அந்த ஆசையில் இன்னொன்றையும் சொல்ல மறந்தேன். அந்த வகை வாட்சை ஒன்றரை நாள் கழற்றி வைத்தால் நின்றுவிடும்.

கல்யாணம் நன்றாக நடந்தது. அன்று மதியமே மாப்பிள்ளை வாட்சைக் கழற்றி பீரோவில் வைத்திருக்கிறார். மறுவீட்டுக்காகப் பெண் வீட்டுக்குக் கிளம்பும் காலையில் எடுத்துப் பார்த்தால் நின்றுபோயிருக்கிறது. தாலி கட்டிய மூன்றாம் நாள் மாப்பிள்ளைக்குப் போட்ட வாட்ச் நிற்பது எங்கள் ஊர்களில் சின்ன விஷயம் இல்லை. பேட்டரி தீர்ந்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு வழியில் ஒரு கடையில் கொடுத்திருக்கிறார்கள். கடைக்காரர் பின்மூடியைத் திறந்திருக்கிறார். ரிப்பேர்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு தடவை சர்வீஸ் செய்யும்போதும் மூடியின் உட்புறத்தில் ஊசியால் தேதியைக் கீறி வைப்பார்கள். அதில் நாலு தேதிகள் இருந்தன. முதல் தேதி மணப்பெண்ணின் வயதைவிடப் பழையது.

அன்று மதியம் சேவுகம்பட்டியில் மறுவீட்டு விருந்தில் நானும் இருந்தேன். வாட்ச் வாங்கிக் கொடுத்தவன் என்று அண்ணன் பிரியமாகக் கூப்பிட்டிருந்தார். இலை போட்டு, வெஞ்சனமாகக் கூட்டு, பொரியல் வைத்துக்கொண்டு வரும்போது மாப்பிள்ளையின் அம்மா கைப்பையைத் திறந்து வாட்சை எடுத்துத் தன் இலைக்குப் பக்கத்தில் வைத்தார். குரலை உயர்த்தவில்லை. "ஏனுங்க சம்பந்தி, யாரோ கட்டிக் கழிச்சதுங்களாமா இது? கடைக்காரன் சொல்றானுங்க. எம் பையனுக்குப் புதுசு வாங்க முடியலீன்னா சும்மா இருந்திருக்கலாமில்லீங்க?"

பந்தி முழுக்கக் கை நின்றது. அண்ணன் சாம்பார் வாளியோடு நின்றிருந்தார். என்னை ஒரே ஒரு முறை பார்த்தார். அதில் கோபம் இல்லை. உண்மையா என்று கண்ணால் கேட்டார், அவ்வளவுதான். நான் இலையைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

"நான்தான் தெரிஞ்சு வாங்குனேங்க," என்றார் அண்ணன். "பழசுன்னாலும் உழைக்கும்னாங்க. எனக்கு அம்புட்டுத்தான் தெரிஞ்சுச்சு. மனசுல வச்சுக்காதீக."

எழுந்து, இல்லை, நான் செய்தது என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் ஏமாற்றுக்காரன் என்று பெயர் வாங்க எனக்குப் பயம். அதற்கு வேறு பெயர் வைக்க நான் நிறைய முயன்றிருக்கிறேன். பயம்தான். உட்கார்ந்த இடத்திலேயே மோர் வரைக்கும் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை மில்லில் அவரைப் பார்த்தேன். "சாப்டியாப்பு?" என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சே இல்லை. அடுத்த மாதமே ஒட்டன்சத்திரத்துக்கு ஒரு புது வாட்ச் போனது. ஆனால் அதன்பிறகு ஒரு நாள்கூட அவர் என் ஜன்னலுக்கு வந்து மணி கேட்கவில்லை.

மகளைப் பற்றி மில்லில் மற்றவர்கள் வழியாகத்தான் கேள்விப்பட்டேன். தீபாவளிக்குத் துணி கொண்டுபோனாலும், பிள்ளைக்குத் தொட்டில் கொண்டுபோனாலும், மாமியார் சிரித்துக்கொண்டே "இது புதுசுதானுங்களா?" என்று கேட்பாராம். அந்தப் பெண் கேட்டுக் கேட்டு மாமியாரை விட்டுவிட்டு அப்பாவை வெறுக்கத் தொடங்கியிருக்கிறாள். அவள் தங்கைக்குக் கல்யாணமானபோது அண்ணன் கடன்பட்டு விலையுயர்ந்த வாட்சைக் கண்ணாடிப் பெட்டியோடு போட்டார். அது மூத்தவளுக்கு இன்னொரு காயமாகிவிட்டது. தனக்கு மட்டும் யாரோ கட்டிக் கழித்தது என்று சொல்லி வருவதைக் குறைத்துக்கொண்டாள். இதெல்லாம் காதில் விழும்போது இந்த ஞாயிறு ஒட்டன்சத்திரம் போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். ஞாயிறு வரும். நான் வாட்சுகளை வரிசையாக வைத்துத் துடைத்துக்கொண்டிருப்பேன். ஏழு வாட்ச் பதினான்காயிற்று, பிறகு முப்பதாயிற்று.

போன மழைக்காலத்தில் அண்ணன் போய்விட்டார். ஆஸ்பத்திரியில் நாலு நாள் கிடந்திருக்கிறார். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். வீட்டின் பின்பக்கம் கை கழுவும்போது மூத்த மகள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். காதோரம் ஒன்றிரண்டு நரை. என் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, "சித்தப்பா, நீங்க வாட்ச்சா வாங்கிக் குமிச்சு வச்சிருக்கீகளாம்ல?" என்றாள். "அப்ப எங்கப்பாவுக்கு நீங்களாச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? என் கல்யாணத்துக்கு யாரோ கழிச்சுப் போட்டத வாங்கிட்டு வந்து நின்னாரு. அவருக்கு நான்னா அம்புட்டுத்தான்."

சொன்னேன். பிஸ்கட் டப்பாவிலிருந்து சாம்பார் வாளிவரை எல்லாவற்றையும் சொன்னேன். அவள் செம்பைக் கீழே வைக்காமல் கேட்டாள். முடிந்ததும், "ஆஸ்பத்திரியில இருக்காருன்னு மொத நாளே போன் வந்துச்சு," என்றாள். "நான் நாலாவது நாள்தான் கெளம்புனேன். வந்து சேரும்போது பேச்சு நின்னுபோச்சு."

பிறகு என் முழங்கையைப் பிடித்தாள். "வாங்க. எங்கிட்டச் சொன்னத எங்க அத்தைகிட்ட வந்து சொல்லுங்க."

மாமியார் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உடம்பு வற்றி, காது மந்தமாகியிருந்தது. குனிந்து, அந்தப் பழைய வாட்சை வாங்கியது நான்தான், சம்பந்திக்கு ஒன்றும் தெரியாது, அவர் என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார் என்று பந்தியில் எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன். அவர் என் முகத்தையும் மருமகள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன வாட்ச்சுங்க?" என்றார்.

நான் மறுவீட்டு விருந்தை நினைவுபடுத்தினேன். அவர் நிஜமாகவே யோசித்தார். எத்தனையோ விசேஷம் நடந்தது, எதை ஞாபகம் வைப்பது, வயசாகிவிட்டது என்று சொல்லி, வருத்தப்படாதீர்கள் என்பதுபோல் என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

அந்தப் பெண் என் முழங்கையை விட்டாள். "பன்னெண்டு வருசம் சித்தப்பா," என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி. அடுத்த பந்திக்கு இலை போட்டிருந்தார்கள். உள்ளே போய்ச் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து வரிசையில் முதல் இலைக்கு முன்னால் குனிந்தாள்.